உறைக்குள் மூங்கில்

நாற்பது ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு ஜப்பானியப் படங்கள். ஒன்று மசாகி கோபயாஷி இயக்கி 1962இல் வெளிவந்த ‘ஹராகிரி’. மற்றது யோஜி யமடா இயக்கி 2002இல் வெளிவந்த ‘ட்விலைட் சாமுராய்’. இரண்டிலும் இடுப்பில் வாளோடு ஒரு சாமுராய் வருகிறான். உறையிலிருந்து உருவினால் உள்ளே இருப்பது எஃகு இல்லை, மூங்கில். அசல் வாளை இருவருமே விற்றுவிட்டார்கள். ஒருவன் நோயில் கிடக்கும் மனைவிக்காகவும் கைக்குழந்தைக்காகவும் விற்றான். இன்னொருவன் இறந்துபோன மனைவியை முறையாக அடக்கம் செய்ய விற்றான். சாமுராய்களைப் பற்றி நான் படித்த எல்லாப் புத்தகங்களையும்விட இந்த மூங்கில் துண்டுகள்தான் அவர்களுடைய வாழ்க்கையை எனக்குப் புரியவைத்தன.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024இல் வந்த ‘ஷோகன்’ தொடருக்குப் பிறகு வாசிப்பு நண்பர்கள் மத்தியில் சாமுராய் மோகம் மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. புஷிடோவின் ஏழு நற்பண்புகளை அழகான படத்தில் அச்சடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். காலையில் எழுந்ததும் மரணத்தை நினை, சாமுராய் மாதிரி ஒழுக்கமாக இரு, சாமுராய் மாதிரி வேலை செய் என்று அறிவுரைகள். “என்னா வாழ்க்கைடா அது!” என்று ஒரு நண்பர் பெருமூச்சு விட்டார். அது என்ன வாழ்க்கைதான் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாமே என்பதுதான் என் எண்ணம். ‘ஷோகன்’ தொடரில் தொரானாகாவாக நிமிர்ந்து நின்ற அதே ஹிரோயுகி சனடாதான் ‘ட்விலைட் சாமுராய்’ படத்தில் கிழிந்த கிமோனோவோடு, குளிக்காத உடம்போடு, மூங்கில் வாளோடு வருகிறார்.

சாமுராய் என்ற சொல்லே பணிவிடை செய்தல் என்ற பொருள்கொண்ட பழைய ஜப்பானிய வினைச்சொல்லிலிருந்து வந்தது. சேவகன். அவனுக்குச் சம்பளம் அரிசி. கொக்கு என்பது அளவு. ஒரு கொக்கு ஏறக்குறைய 180 லிட்டர் அரிசி. ஒரு மனிதன் ஓராண்டு சாப்பிடப் போதுமானது என்று கணக்கு. ஒரு பிரபுவின் நிலம் எத்தனை கொக்கு விளையும் என்பதுதான் அவனுடைய மதிப்பு. அதிலிருந்து சேவகனுக்கு எத்தனை கொக்கு என்பதுதான் சேவகனின் மதிப்பு. வீரம், மானம், விசுவாசம் எல்லாம் இந்த அரிசிக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன்.

1600இல் செகிகஹாரா போர், 1615இல் ஒசாகா கோட்டையின் வீழ்ச்சி. அதோடு உள்நாட்டுப் போர்க்காலம் முடிந்தது. 1637-38இல் நடந்த ஷிமபாரா கிளர்ச்சியைத் தவிர்த்தால் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானில் பெரிய போரே இல்லை. ஆனால் போர்வீரர் சாதி அப்படியே இருந்தது. குடும்பத்தினரையும் சேர்த்தால் மக்கள்தொகையில் ஐந்தாறு விழுக்காடு. 1588இலேயே ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து ஆயுதங்களைப் பறித்துவிட்டார். ஆக, பெரியதும் சிறியதுமாக இடுப்பில் இரண்டு வாள் செருகும் உரிமை சாமுராய்க்கு மட்டும். சண்டையே இல்லாத நாட்டில் அந்த வாளுக்கு என்ன வேலை? அது ஓர் அடையாள அட்டை. நான் யார், எந்தப் படியில் நிற்கிறேன் என்று தெருவுக்குச் சொல்லும் சின்னம். வாளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கணக்கு எழுதினார்கள், களஞ்சியம் காத்தார்கள், வரி எண்ணினார்கள், வாசலில் காவல் நின்றார்கள்.

இன்று நாம் பகிர்ந்துகொள்ளும் சாமுராய் ஞானத்தில் பெரும்பகுதி இந்த ‘வேலையில்லாக் காலத்தில்’ பிறந்ததுதான். ‘ஹகாகுரே’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மரணத்தைத் தழுவுவதே சாமுராயின் வழி என்று முழங்கும் நூல். அதிலுள்ளவற்றைச் சொன்ன யமமோட்டோ சுனெடோமோ ஒரு போரைக்கூடப் பார்த்தவர் இல்லை. சாகா பிரபுவிடம் எழுத்துவேலை பார்த்தவர். 1700இல் எஜமானர் இறந்தபோது தானும் உடன்சாக விரும்பினார். அந்த வழக்கத்தை எஜமானரே தடை செய்திருந்தார்; ஷோகன் அரசும் 1663இலேயே தடை செய்திருந்தது. சாகவும் முடியாமல் துறவியாகிப் பேசிய பேச்சு அது. நூல் நிறைவடைந்தது 1716இல். இனாசோ நிடோபேயின் ‘புஷிடோ’ இன்னும் விசித்திரம். 1900இல் அமெரிக்காவில், ஆங்கிலத்தில், மேலைநாட்டு வாசகர்களுக்காக வெளியான புத்தகம். அதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1876இல், ஜப்பான் அரசு வாள் அணிவதைத் தடை செய்து அரிசிச் சம்பளத்தையும் ஒழித்துவிட்டது. ஏழு நற்பண்புப் பட்டியலின் வேர் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதாவது சாமுராய் மறைந்த பிறகு, அவனை வெளிநாட்டாருக்கு விளக்க எழுதியது.

இதனால் அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஓர் இலட்சியம் எப்போது, யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்காமல் அதைச் சுவரில் மாட்டக்கூடாது என்கிறேன். கோபயாஷி அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

‘ஹராகிரி’யின் கதை 1630இல், எடோ நகரில் நடக்கிறது. அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 1619இல், ஹிரோஷிமாவின் பிரபு ஃபுகுஷிமா மசனோரி அனுமதி கேட்காமல் தன் கோட்டையைப் பழுதுபார்த்தார் என்ற குற்றத்திற்காக ஷோகன் அவருடைய நிலத்தைப் பறித்தார். இது வரலாறு. ஏறத்தாழ ஐந்து லட்சம் கொக்கு வைத்திருந்தவர் 45,000 கொக்குக்கு இறக்கப்பட்டார். எஜமானருக்கே அந்த நிலை என்றால் சேவகர்கள்? மொத்தமாகத் தெருவில். எஜமானன் இல்லாத சாமுராய்க்கு ரோனின் என்று பெயர். அலைபோல் அலைகிறவன் என்று பொருள். அவன் பிழைக்கத் தெரிந்த தொழில் ஒன்றுதான், அந்தத் தொழிலுக்கு நாட்டில் தேவை இல்லை.

பட்டினி கிடக்கும் ரோனின்கள் சிலர் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். பெரிய பிரபுவின் மாளிகை வாசலில் போய் நின்று, “இப்படி வாழ்வதைவிட மானத்தோடு சாக விரும்புகிறேன், உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள இடம் தாருங்கள்” என்று கேட்பது. முற்றத்தில் ரத்தம் சிந்தவேண்டாமே என்று மாளிகைக்காரர்கள் நாலு காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மானத்தைச் சொல்லிக் கேட்கும் பிச்சை.

இளைஞன் மொத்தோமே இப்படித்தான் இயி குடும்பத்தின் மாளிகைக்குப் போகிறான். இந்தப் பழக்கத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று மாளிகையின் தலைமை ஆலோசகர் சைதோ முடிவெடுக்கிறார். சாக வந்தாய் அல்லவா, சாவு. மொத்தோமே ஓரிரு நாள் அவகாசம் கேட்கிறான். இல்லை. சொந்த வாளாலேயே கிழித்துக்கொள்ளவேண்டும் என்கிறார்கள். அவனுடைய சொந்த வாள் மூங்கில். அந்தக் காட்சியை நான் இரண்டாம் முறை பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மழுங்கிய மூங்கிலால் ஒருவன் தன் வயிற்றைக் குத்துகிறான், அது இறங்கவில்லை. தலையை வெட்டி வேதனையை முடிக்கவேண்டிய ஒமொடாகா, முழுதாகக் கிழி என்று காத்து நிற்கிறான். சட்டப்படி எல்லாம் சரி. சடங்கில் ஒரு குறையும் இல்லை.

‘ஹரா’ என்றால் வயிறு. ‘கிரி’ என்றால் வெட்டுதல். நமக்கும் வயிற்றுப்பாடு என்றொரு சொல் உண்டு. பசிக்கிற வயிறும் மானத்துக்காகக் கிழிக்கிற வயிறும் ஒரே வயிறுதான் என்பதை இந்தப் படம் அளவுக்குச் சொன்ன படைப்பு வேறு இல்லை என்று நினைக்கிறேன். சோறு போட்டவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கலாம். சோறே போடாதவன் எந்த உரிமையில் கடனைக் கேட்கிறான்? இயி மாளிகையின் ஒரு பிடி அரிசியைக்கூட மொத்தோமே தின்றதில்லை. ஆனால் சாமுராய் தர்மம் என்ற பெயரில் அவன் உயிர் அங்கே வசூலிக்கப்படுகிறது. தர்மத்தைப் பேசுகிறவர்கள் அனைவரும் மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்கள். அதைக் கைக்கொள்ளும்படி கட்டளையிடப்படுபவன் பட்டினி கிடப்பவன். புஷிடோ இங்கே வயிறு நிறைந்தவனின் கையிலுள்ள வாள்.

அடுத்து அதே மாளிகைக்கு அதே வேண்டுகோளுடன் வருகிறார் ஹன்ஷிரோ. மொத்தோமேயின் மாமனார். குடை செய்து பிழைத்தவர். தத்சுயா நகடாய் அப்போது முப்பது வயதைக்கூடத் தொடவில்லை; ஆனால் பேரப்பிள்ளையையும் பறிகொடுத்த மனிதனாக முற்றத்தின் நடுவே உட்கார்ந்து அவர் கதை சொல்லும் குரலில் நூறு வயது இருக்கிறது. படத்தின் பெரும்பகுதி இந்த உட்கார்ந்த பேச்சுதான். “ரொம்ப ஸ்லோ” என்று பாதியில் எழுந்து போனவர்கள் எனக்குத் தெரியும். பொறுத்திருந்தால் ஓர் இடம் வரும்.

மருமகனின் உடலை இயி ஆட்கள் வீட்டில் கொண்டுவந்து போடுகிறார்கள். மூங்கில் வாளையும் காட்டிக் கேலி பேசிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போனபின் ஹன்ஷிரோவுக்கு விஷயம் உறைக்கிறது. இந்தப் பையன் குடும்பத்துக்காக வாளையே விற்றிருக்கிறான். இத்தனை வறுமையிலும் தன் இடுப்பு வாளை விற்கலாம் என்ற யோசனை தனக்கு ஒருமுறைகூட வரவில்லையே! தன் வாளைப் பிடுங்கி வீசிவிட்டு அழுகிறார். படத்தின் உச்சம் கடைசிச் சண்டை அல்ல, இந்த இடம்தான். எதிரியின்மேல் வரும் கோபத்துக்கு முன்னால் தன்மேல் வரும் வெட்கம். பேரப்பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதும் எஜமானன் இல்லாத ஒரு மனிதனின் இடுப்பில் வாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அங்கே பிடித்து வைத்திருந்தது எது? அடக்குமுறை எப்போதும் வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. நம் இடுப்பிலும் தொங்கும்.

திரைக்கதை எழுதிய ஷினோபு ஹஷிமோட்டோ, எட்டு ஆண்டுகளுக்கு முன் குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்துக்கும் எழுதியவர்களில் ஒருவர். அங்கேயும் கூலி அரிசிதான். கிராமத்தார் தினையைத் தின்றுகொண்டு, அரிசியைச் சாமுராய்களுக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் வாளுக்கு இன்னும் ஒரு பயன் இருக்கிறது. ‘ஹராகிரி’யில் அதுவும் போய்விடுகிறது.

கோபயாஷி ஏன் இப்படி ஒரு படம் எடுத்தார் என்பது அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும். 1942இல் ராணுவத்துக்குப் பிடித்துப் போகப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். எதிர்ப்பைக் காட்டும் விதமாகப் பதவி உயர்வை மறுத்து, கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். போர் முடிந்ததும் ஒகினாவாவில் கைதி. அவர் இருந்த ராணுவம் புஷிடோவை ஒரு கட்டளையாக மாற்றியிருந்தது. 1941இல் தோஜோவின் பெயரில் வெளியான படைவீரர் ஒழுக்கநெறி, உயிரோடு பிடிபடும் அவமானத்துக்கு ஆளாகாதே என்றது. விவசாயி மகனும் மீனவர் மகனும் சாமுராய் மாதிரி சாகவேண்டும். அரிசிச் சம்பளம் மட்டும் கிடையாது.

அந்த வாள் நம் ஊருக்கும் வந்தது. நம் பாட்டிமார்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்லும் 1942 முதல் 1945 வரை. அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய ராணுவ வாள் பழைய சாமுராய் வாளின் சாயலில் செய்யப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் கண்ட சாமுராய் அவன்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை வாசித்த கையோடு ‘ஹராகிரி’யைப் பார்த்தால், ஒரே வாளை அதன் இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்ப்பதுபோல் இருக்கும். புஷிடோ வாசகத்தை நான் சுவரில் மாட்டத் தயங்குவதற்கு இதுவும் காரணம். ஜப்பானியர்மேல் உள்ள பகை அல்ல அது. அந்த வாளைப் பற்றி நம்மைவிடக் கடுமையாகப் பேசியவர் ஒரு ஜப்பானியச் சிப்பாய்தான்.

‘ஹராகிரி’மேல் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. வாளின் பொய்யைத் தோலுரிக்கும் படம், கடைசியில் வாள்சண்டையின் இன்பத்தை நமக்கு அள்ளிக் கொடுக்கிறது. காற்று சுழலும் புல்வெளியில் ஹன்ஷிரோவும் ஒமொடாகாவும் மோதும் காட்சி அவ்வளவு அழகு. மாளிகையில் தனியொருவனாக நால்வரைக் கொன்று எட்டுப் பேரைக் காயப்படுத்துகிறார். நாம் கைதட்டத் தயாராகிவிடுகிறோம். வாளை வீசி எறிந்து அழுத மனிதர் மறுபடி வாளால்தான் பேசவேண்டியிருக்கிறது. இரண்டாவது, மொத்தோமேயின் மனைவி மிஹோ. அவள் இருமுகிறாள், காத்திருக்கிறாள், சாகிறாள். இந்த மானக் கணக்கைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று படம் கேட்கவே இல்லை.

யமடாவின் படத்தை இந்த இரண்டு குறைகளுக்கும் வந்த பதிலாகவே நான் பார்க்கிறேன். ஷூஹெய் ஃபுஜிசாவாவின் சிறுகதைகளைத் தழுவிய படம். காலம், சாமுராய் யுகத்தின் கடைசி ஆண்டுகள். கதையைச் சொல்வது ஒரு பெண். நாயகன் செய்பேயின் இளைய மகள், வயதானபின் அப்பாவை நினைத்துப் பார்க்கிறாள். செய்பேக்கு 50 கொக்கு சம்பளம், அதிலும் கடன் போக மிச்சம்தான். களஞ்சியத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறான். வேலை முடிந்ததும் சகாக்கள் குடிக்கக் கூப்பிட்டால் போவதில்லை. வீட்டில் நினைவு தப்பிய அம்மா, இரண்டு மகள்கள். அந்தி சாயும்போது வீட்டுக்கு ஓடுவதால் ‘அந்தி செய்பே’ என்று கேலிப்பெயர். இரவில் பூச்சிக்கூண்டு செய்து விற்கிறான். படிப்பதால் என்ன பயன் என்று மகள் கேட்கும்போது, படித்தால் சொந்தமாக யோசிக்க முடியும் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். ஒரு சாமுராய் தன் பெண்பிள்ளைக்குக் கொடுக்கும் ஆயுதம் அது.

இந்தப் படத்தின் வாள்சண்டை இருட்டான ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. குலத்தின் கட்டளைப்படி யோகோ என்ற சாமுராயைக் கொல்ல செய்பே அனுப்பப்படுகிறான். போனால் யோகோ குடிக்க உட்காரச் சொல்கிறான். ரோனினாக அலைந்த கதையையும் மனைவியையும் மகளையும் இழந்த கதையையும் சொல்கிறான். தப்பி ஓடிவிடுகிறேன் என்கிறான். செய்பேயும் விட்டுவிடும் மனநிலைக்கு வருகிறான். இரண்டு ஏழைத் தகப்பன்மார்கள். அப்போது பேச்சுவாக்கில் செய்பே, என் பெரிய வாளை மனைவியின் அடக்கத்துக்காக விற்றுவிட்டேன், உறையில் இருப்பது மூங்கில் என்கிறான். யோகோவின் முகம் மாறுகிறது. மூங்கிலோடு என்னைக் கொல்ல வந்தாயா? அவமானம்! சின்ன வாள் மட்டும் வைத்திருக்கும் செய்பேமேல் பாய்கிறான். கடைசியில் யோகோவின் நீண்ட வாள் கூரை உத்தரத்தில் சிக்கிக்கொள்ள, அதனாலேயே சாகிறான். கைதட்ட ஒன்றும் இல்லை. ரெண்டு பேரும் பாவம் என்றுதான் தோன்றும்.

ஒரே மூங்கில்தான். இயி மாளிகைக்காரர்கள் அதைக் கண்டு சிரித்தார்கள். யோகோவுக்கு வெறி வந்தது. மனைவியை இழந்தவன், ஓடிப்போகத் துணிந்தவன், எஜமானனையே உதறியவன், அவனால்கூட உறைக்குள் இருக்கும் மூங்கிலைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஹன்ஷிரோ ஒருவருக்குத்தான் அது கண்ணைத் திறந்தது. சுமந்து நடந்த மொத்தோமேக்கும் செய்பேக்கும் அதைப் பற்றித் தத்துவமே இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறது, வாள் எதற்கு என்று விற்றார்கள், அவ்வளவுதான்.

யமடாவையும் முழுதாக விட்டுவிட முடியாது. அவருடைய படத்தில் வறுமைக்கு ஒரு மென்மையான மெருகு இருக்கிறது. செய்பே நல்லவன், அதனால் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஒருவனைக் கொன்றதும் நமக்கு மன்னிக்கக்கூடியதாகிவிடுகிறது. கோபயாஷி இந்தச் சலுகையைத் தரமாட்டார். ஆனால் போஷின் போரில் செய்பே துப்பாக்கிக் குண்டுக்கு இறந்ததைச் சொல்லிவிட்டு, அப்பா துரதிர்ஷ்டசாலி இல்லை, எங்கள்மேல் அன்போடு வாழ்ந்தார் என்று அந்த மகள் முடிக்கும்போது, எந்தக் குலப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு மதிப்பீடு அங்கே பதிவாகிறது. மிஹோவுக்குக் கிடைக்காத குரல் அது.

பதிவேடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஹராகிரி’ தொடங்குவதும் முடிவதும் இயி குடும்பத்தின் நாட்குறிப்பில். இத்தனையும் நடந்து முடிந்தபின் சைதோ கட்டளையிடுகிறார்: நம் ஆட்கள் நோயில் இறந்தார்கள் என்று எழுதுங்கள். ஹன்ஷிரோவைச் சுட்டது துப்பாக்கிகள். ஏட்டில் அவர் முறைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். அவர் தூக்கி வீசியெறிந்த மூதாதையரின் கவசத்தைத் திரும்பப் பொறுக்கிக் கோத்து, பழைய இடத்திலேயே வைக்கிறார்கள். உள்ளே ஆள் இல்லாத வெறும் கவசம். முற்றத்து ரத்தம் கழுவப்படுகிறது. இயி குடும்பத்தின் புகழ் ஓங்குகிறது.

சாமுராயின் பெருமை என்று நாம் வாசிப்பதில் எவ்வளவு இப்படிப்பட்ட ஏடுகளிலிருந்து வந்திருக்கும்? வாட்ஸ்அப்பில் வரும் அடுத்த புஷிடோ வாசகத்தை உடனே அழிக்கச் சொல்லமாட்டேன். அதைச் சொன்னவனுக்கு அந்த மாதம் அரிசி வந்ததா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிறகு இந்த இரண்டு படங்களையும் பாருங்கள். ‘ஹராகிரி’யை முதலில்.